காத்திருக்கச் சொன்ன காலம்

2019-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவின் 41 புற்றுநோய் மருத்துவமனைகளில் புதிதாகப் பெயர் பதிந்துகொண்டவர்கள் 1,12,270 பேர். அடுத்த ஆண்டு அதே மூன்று மாதங்களில், அதே மருத்துவமனைகளில் பதிந்தவர்கள் 51,760 பேர். பாதிக்கும் கீழே. தேசியப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த மருத்துவர்கள் எடுத்த இந்தக் கணக்கு 2021-இல் ‘லான்செட் ஆங்காலஜி’ இதழில் வெளியானது. காலராவோ டெங்குவோ ஒரே ஆண்டில் இப்படிப் பாதியாக இறங்கினால் மகிழலாம். புற்றுநோய் அப்படி இறங்காது. அது பல மாதங்களாக, சிலருக்குப் பல ஆண்டுகளாக, உடலுக்குள் வளர்ந்து வெளியே தெரிவது. 2020-இல் தெரிய வேண்டியது 2018-லேயே முளைத்துவிட்டிருக்கும்.

அப்படியென்றால் அந்த அறுபதாயிரம் பேர் எங்கே போனார்கள்? சிலர் பக்கத்து ஊர் மருத்துவமனையோடு நின்றிருக்கலாம். மற்றவர்கள் வீட்டில்தான் இருந்திருப்பார்கள். வீட்டில் இருங்கள் என்று நாடே சொன்னது. அவர்களும் சொல்பேச்சுக் கேட்டு இருந்தார்கள்.

புற்றுநோய் ஒருவருக்கு எப்படித் தெரியவருகிறது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், தெரிந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஸ்கேன் அறைவரை வந்து சேர்ந்த வழிதான் நீளமானது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட ஒரு கட்டி. வலியில்லை, அதனால் பயமும் இல்லை. மாதவிலக்கு நின்று வருடக்கணக்கில் ஆன பிறகு மறுபடியும் பட்ட உதிரம். கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். காரம் பட்டால் எரிகிறது, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டும் ஆறவில்லை. இதை முதலில் யாரிடமாவது சொல்ல வேண்டும். அக்காவிடம், கூட வேலை பார்க்கும் பெண்ணிடம், ஊருக்கு வரும் நர்ஸம்மாவிடம். “எதுக்கும் ஒரு தடவை காட்டிடு” என்று ஒருவராவது சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு துணைக்கு ஓர் ஆள், ஒரு நாள் கூலி, பஸ். தாலுகா ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொடுத்து, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வர நாள் கடந்து, அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ போகச் சொல்லி, போய், தங்க இடம் பார்த்து, காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்த பிறகுதான் அவர் அந்த 1,12,270 பேரில் ஒருவராகிறார்.

இந்த வழியில் எந்திரங்கள் குறைவு, மனிதர்கள் அதிகம். 2020 மார்ச் 25 அன்று அந்த மனிதர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் விலக்கி வைத்தோம். பஸ் நின்றது, ரயில் நின்றது. கிராம சுகாதார செவிலியர் கொரோனாப் பணிக்குப் போனார். பல் மருத்துவமனைகள் சாத்தப்பட்டன. வாய்ப்புற்றை முதலில் பார்த்துச் சந்தேகப்படும் கண்கள் பல அங்கேதான் இருந்தன. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று பெண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து உடம்பைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இடங்கள் எல்லாம் இல்லாமல் போயின. தொலைபேசி வழியாக மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை அரசு அதே மார்ச் 25 அன்று வெளியிட்டது. நல்ல காரியம், நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தொடர்ந்து மாத்திரை வாங்கியவர்களை அது தாங்கிப் பிடித்தது. ஆனால் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்பதை விரல் வைத்துத்தான் அறிய முடியும்.

இதற்கெல்லாம் மேலே அச்சம். மருத்துவமனை என்றாலே கொரோனா ஒட்டிக்கொள்ளும் இடம் என்று ஆகிவிட்டிருந்தது. போனால் டெஸ்ட் எடுப்பார்கள், பாசிட்டிவ் என்றால் தனிமைப்படுத்துவார்கள், தெருவை அடைத்துத் தகரம் வைப்பார்கள். “கொரோனா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.” இந்த ஒரு வாக்கியத்தை அந்த நாட்களில் தமிழ்நாட்டில் சொல்லாத வீடு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கண் கண்ணாடி மாற்றுவதற்கும் அதையே சொன்னோம், மார்பில் தட்டுப்பட்ட கட்டிக்கும் அதையே சொன்னோம்.

ஊரடங்கு தொடங்கிச் சில நாட்களிலேயே ஒரு செய்தி வந்தது, பலருக்கு நினைவிருக்கும். கும்பகோணத்துப் பக்கம் அறுபது வயதைக் கடந்த ஒரு கூலித் தொழிலாளி. மனைவிக்குப் புற்றுநோய். புதுச்சேரி ஜிப்மரில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அடுத்த முறை போக வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. பஸ் இல்லை. கார் பிடிக்கக் காசு இல்லை. மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்து விடியுமுன் புறப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கும் மேல் மிதித்து, இரவில் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். அங்கே புறநோயாளிகள் பிரிவு இயங்கவில்லை. ஆனாலும் அவர் வந்த விதத்தைக் கேட்ட மருத்துவர்கள் அந்த அம்மாவுக்குச் சிகிச்சை கொடுத்து, மருந்தும் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

அன்பின் உச்சம் என்று எல்லோரும் அதைப் பகிர்ந்தார்கள். அன்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செய்தி என்னை வேறு பக்கம் இழுத்தது. அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம்? கீமோவுக்கு ஒரு நாள் குறிக்கிறார்கள் என்றால் அதில் கணக்கு இருக்கிறது. ஒரு முறை மருந்து ஏற்றும்போது கட்டியின் செல்களில் ஒரு பங்கு சாகிறது. கூடவே நல்ல ரத்த அணுக்களும் குறைகின்றன. மூன்று வாரத்தில் ரத்தம் தேறிவிடும், கட்டி முழுதாய்த் தேறியிருக்காது. அந்த இடைவெளி பார்த்து அடுத்த மருந்தை ஏற்ற வேண்டும். தள்ளிப்போனால் கட்டிக்கு வளர இடம் கிடைக்கிறது. அந்தத் தொழிலாளி இதைப் புத்தகத்தில் படித்திருக்க வேண்டியதில்லை. தேதி தவறக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை அவர் அப்படியே நம்பினார். அந்த நம்பிக்கைக்குச் சைக்கிள் மட்டுமே வாகனமாக மிஞ்சியிருந்தது என்பது நம் எல்லோர் மீதும் விழுகிற குறை. சைக்கிள் மிதிக்க உடம்பில் தெம்பில்லாத கணவர்களும், கணவனே இல்லாத பெண்களும் அதே வாரத்தில் அதே மாவட்டங்களில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் செய்தி வரவில்லை.

மருத்துவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கொரோனா கண்ட 1,590 பேரில் 18 பேர் புற்றுநோய் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்தவர்கள். அவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றது அது. வெறும் பதினெட்டுப் பேர். அந்தப் பதினெட்டுப் பேரின் கதையை வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் புற்றுநோய் மருத்துவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வேறு எதுவும் கையில் இல்லை. கீமோ கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி இறங்கும், இறங்கிய நேரத்தில் கொரோனா தொற்றினால் ஆள் தப்பமாட்டார். கொடுக்காவிட்டால் புற்று முந்தும். இரண்டு பக்கமும் சாவை வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் “ரெண்டு மாசம் கழிச்சு வாங்கம்மா” என்று சொல்ல நேர்ந்த மருத்துவரின் இரவுகள் எளிதாகக் கழிந்திருக்காது.

அந்த இருட்டிலும் சிலர் வேறு முடிவெடுத்தார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை கதவைச் சாத்தவில்லை. மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை அங்கே 494 பெரிய புற்றுநோய் அறுவைச் சிகிச்சைகள் செய்தார்கள். அறுவைக்குப் பின் ஒருவர்கூட இறக்கவில்லை. இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதி மற்ற மருத்துவமனைகளுக்கும் தெரியப்படுத்தினார்கள். தகுந்த பாதுகாப்போடு செய்தால் செய்ய முடியும் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது. எல்லா இடத்திலும் அது வாய்க்கவில்லை. 41 மருத்துவமனைகளையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மூன்று மாதங்களில் பெரிய அறுவைச் சிகிச்சைகள் 17,120-லிருந்து 8,677-ஆகக் குறைந்தன. மயக்க மருந்து நிபுணர்களும் வென்டிலேட்டர்களும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் கொரோனாவுக்காக ஒதுக்கப்பட்டிருந்தன. நம் ஊரில் நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைதான் எல்லாவற்றிலும் குறைவாக, 23 சதவிகிதம் சரிந்தது. தொடங்கியதைப் பாதியில் விடக் கூடாது என்று மருத்துவமனைகளும் நோயாளிகளும் எப்படியோ பிடித்துக்கொண்டு நடத்தியிருக்கிறார்கள். இ-பாஸ் வாங்கி, வாரத்தில் ஐந்து நாளும் வந்து, ஐந்தாறு வாரம் சொந்த ஊருக்குத் திரும்பாமல் சத்திரத்தில் தங்கி.

அந்தக் கணக்கில் என்னை மிகவும் வருத்துவது வேறோர் எண். வலி தணிப்புச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் 29 சதவிகிதம் குறைந்தார்கள். இவர்கள் குணமாகும் கட்டத்தைக் கடந்தவர்கள். இவர்களுக்கு மருத்துவம் தரக்கூடியது மீதி நாட்களை வலியில்லாமல் கழிக்கும் வழி ஒன்றுதான். எலும்புக்குப் பரவிய புற்றின் வலிக்குச் சாதாரண மாத்திரை கேட்காது, மார்ஃபின் வேண்டும். மார்ஃபின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. அனுமதி பெற்ற இடத்தில்தான் வாங்க முடியும். போக வழியில்லாதவர்கள் வலியோடு கிடந்தார்கள். பக்கத்து அறையில் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். எந்த ஆய்வுக் கட்டுரையும் அந்த இரவுகளை அளந்து சொல்ல முடியாது.

அந்த நாட்களில் ஒவ்வொரு மாலையும் சுகாதாரத் துறையின் அறிக்கை வரும். மாவட்டவாரியாகத் தொற்று எத்தனை, குணமானவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் வயது, ஆணா பெண்ணா, எந்த மருத்துவமனை, என்ன இணைநோய் என்று ஒரு குறிப்பு இருக்கும். கொரோனாவால் இறந்தவருக்குப் புற்றுநோய் இருந்திருந்தால் அந்தக் குறிப்பில் அது இடம்பெறும். கொரோனாக் காலத்தால் இறந்த புற்றுநோயாளிக்கு அந்தக் குறிப்பும் கிடையாது. அவர் 2022-இலோ 2024-இலோ இறக்கிறார். இறப்புச் சான்றிதழில் புற்றுநோய் என்று இருக்கும். இரண்டாம் கட்டத்தில் வந்திருக்க வேண்டியவர் நான்காம் கட்டத்தில் வந்தார், அதற்கு நடுவே ஓர் ஊரடங்கு கடந்துபோனது என்பதை எந்தப் படிவமும் கேட்காது.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் மார்பகம், பெருங்குடல், நுரையீரல், உணவுக்குழாய் ஆகிய நான்கு புற்றுகளில் மட்டும், கண்டறிதல் தாமதமானதால் ஐந்தாண்டுகளுக்குள் 3,291 முதல் 3,621 பேர் வரை கூடுதலாக இறப்பார்கள் என்று 2020 ஜூலையில் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மதிப்பீடு, மார்பகம், பெருங்குடல் இரண்டில் மட்டும் பத்தாண்டில் ஏறக்குறைய பத்தாயிரம் உயிர். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது: புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறக்கும் அபாயம் 6 முதல் 8 சதவிகிதம் கூடுகிறது. நான்கு வாரம் என்பது நம் முதல் ஊரடங்கைவிட ஒரு வாரம்தான் கூடுதல்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது என்று சொல்ல ஒன்று இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் நம் எல்லோரிடமும் ஒன்றையே கேட்டார்கள்: காத்திருங்கள். நியாயமான வேண்டுகோள்; அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் எல்லோரிடமும் ஒரே அளவாகக் கேட்கப்பட்ட அந்தக் காத்திருப்புக்கு எல்லோரும் ஒரே விலை கொடுக்கவில்லை. எனக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாதம். கட்டியோடு இருந்தவளுக்கு அது ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கான தூரம். என் காத்திருப்பு என்னைக் காப்பாற்றியது, அவள் காத்திருப்பும் என்னைக் காப்பாற்றியது. அவளை எது காப்பாற்றியது? ஒரு சமூகம் தன் பாதுகாப்புக்காகச் சிலருடைய நேரத்தை எடுத்துக்கொள்ளும்போது, அது கடன். வாங்கியவர்களுக்கு வாங்கியதே தெரியாத கடன். யாரிடம் வாங்கினோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவத்தில் முதலில் நிறுத்தப்படுவது எது என்று பார்த்தாலே நாம் எதை அவசரமில்லாதது என்று நினைக்கிறோம் என்பது தெரிந்துவிடும். அந்த 41 மருத்துவமனைகளில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவற்றில் முன்கூட்டிக் கண்டறியும் பரிசோதனை முற்றிலும் நின்றது, அல்லது வழக்கத்தில் கால் பங்குகூட நடக்கவில்லை. நோயில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைத் தேடிப்போய்ப் பார்ப்பது அது. ஆகவே அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதன் பலன் என்ன என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம். அங்கே அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000 முதல் 2003 வரை, முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுக்குட்பட்ட 31,343 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்தார்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்க்கவைத்துத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர்கள் கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவுதான். பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊராட்சிகளோடு ஒப்பிட, கருப்பைவாய்ப் புற்றால் இறப்பது 35 சதவிகிதம் குறைந்தது. 2007-இல் லான்செட்டில் அந்த முடிவு வந்தது. விலையுயர்ந்த எந்திரம் எதுவுமில்லாமல், ஒரு செவிலியர் ஊருக்குப் போனதாலும் பெண்கள் அவரை நம்பி வந்ததாலும் தப்பிய உயிர்கள் அவை.

தங்கைக்கு நேர்ந்த புற்றுநோய் மரணத்தைக் கண்ட வேதனையில் முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு, மறு வருடம் வந்து சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. ஆயுள் முழுவதும் அவர் வற்புறுத்தியதும் இதைத்தான்: சீக்கிரம் வந்தால் குணப்படுத்தலாம். 2021 ஜனவரி 19 அன்று தொண்ணூற்று மூன்று வயதில் அவர் காலமானபோது, பெருந்தொற்று இன்னும் ஓயவில்லை. மிக மோசமான இரண்டாம் அலை வரவிருந்தது. அறுபத்தைந்து ஆண்டுகளாக மக்களைச் சீக்கிரம் வரவழைக்க உழைத்தவர், மக்கள் வர முடியாத காலத்தில் விடைபெற்றார்.

கெட்டது மட்டுமே நடந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. மார்பகப் புற்றுக்கு அறுவைக்குப் பின் மூன்று வாரமோ ஐந்து வாரமோ கதிர்வீச்சு கொடுத்துவந்தார்கள். ஐந்தே நாளில் கொடுத்தாலும் பலனில் குறைவில்லை என்ற பிரிட்டன் ஆய்வின் முடிவு 2020 ஏப்ரலில் வந்தது. பல ஆண்டுகளாக நடந்த ஆய்வு. வெளிவந்த நேரம் அப்படி அமைந்தது. மருத்துவமனைக்கு வரும் நாட்களைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில் பல நாடுகள் அதை விரைவாகக் கைக்கொண்டன. கும்பகோணத்திலிருந்து வருபவருக்கு ஐந்து வாரத்துக்கும் ஐந்து நாளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாழ்வாதாரம்.

இந்திய ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பெருநகர மருத்துவமனைகளில்தான் சரிவு அதிகம், சிறிய நகரங்களில் குறைவு. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. மும்பைக்கும் சென்னைக்கும் வேலூருக்கும் நோயாளிகள் ரயிலேறி வருகிறார்கள். காட்பாடி நிலையத்தில் கோப்புகளைக் கட்டிக்கொண்டு இறங்கும் வங்காளக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரயில் நின்றால் அந்தச் சிகிச்சையும் நிற்கும். மாவட்டத்துக்குள்ளேயே சதைப் பரிசோதனையும் கீமோவும் கிடைத்தால் அடுத்த பெருந்தொற்றை நாம் வேறு விதமாகக் கடக்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோனது. நடமாட முடியாதவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அது சரியான திசை.

அடுத்த முறை ஊரடங்கு அறிவிக்கும் கைகள், பால், தண்ணீர், மின்சாரத்தோடு சேர்த்து, புற்றுநோய்ச் சிகிச்சையையும் அத்தியாவசியப் பட்டியலில் எழுதிவைக்கட்டும். அதற்கென்று பஸ் ஓடட்டும்.

இதை வாசிப்பவரிடம் ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு ஆண்டுகளில் “அப்புறம் பாத்துக்கலாம்” என்று விட்டது ஏதாவது உங்கள் வீட்டில் இன்னும் பாக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் இளைப்பது. பெண்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். அம்மாவை, அக்காவை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். துணைக்கு ஆளில்லாத காரணத்தாலேயே போகாமல் இருப்பவர்கள் பலர்.